ஒரு துளி இரத்தமும் ஒரு சிறு சீட்டும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் என்னைக் கலையைப் பற்றிப் பேசும்படி தோழர்கள் உத்தரவிட்டிருக்கின்றார்கள். இதைக் கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் கலை படித்தவனல்ல. ஆறாம் வகுப்புக்கு மேல் என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க என் வீட்டாருக்குச் சக்தி இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வாசகசாலைப் பெஞ்சியிலும், கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் ரயிலிலும் படித்ததுதான். ஆகவே கோடு எப்படி, வர்ணம் எப்படி என்கின்ற ஆராய்ச்சிக்கு நான் லாயக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றேன்.

நம்மவர்களுக்குக் கலை என்றால் என்ன? கோபுரத்துப் பொம்மை ஒரு கலை. ஆறு தலை முருகனும் நான்கு தலைப் பிரம்மாவும் போட்ட காலண்டர் ஒரு கலை. பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்த சிறுத்தொண்டன் கதையை விடிய விடிய ஆடிக் காட்டுவது ஒரு கலை. இவைகளில் வேலைத்திறம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. கல்லை வெண்ணெய் போல் செதுக்கின கைக்கு யார்தான் மரியாதை செய்யமாட்டார்கள்? ஆனால் அந்தக் கலைகளெல்லாம் மனிதனைக் கன்னத்தில் போட்டுக் கொள்ளச் செய்தனவே ஒழிய, “நீ யார்? உன்னை இன்னான் என்று சொன்னவன் யார்? எதைக் கொண்டு சொன்னான்?” என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா என்பதுதான் என் சங்கடம்.

அப்படிக் கேட்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகின்றேன். அவர் பெயர் ஏட்ரியன் பைப்பர். 1948-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிறந்தவர். சித்திரம் படித்து, பிறகு தத்துவம் படித்து, 1981-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வர்ணமும் தூரிகையும்தான் கலை என்று இவர் உட்கார்ந்துவிடவில்லை. பென்சில், புகைப்படம், பத்திரிகை விளம்பரம், சலனப்படம், நாம் விசிட்டிங் கார்டு என்கின்றோமே அந்தச் சிறு சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் சொந்த உடம்பு, ஆக எது கைக்கு வந்ததோ அதையெல்லாம் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்.

இவர் விஷயத்தில் என்ன விசேஷம் என்றால், இவரைப் பார்க்கின்றவர்கள் வெள்ளைக்காரப் பெண்மணி என்றே எண்ணுவார்கள். ஆனால் அமெரிக்க வழக்கப்படி இவர் கறுப்பர். வெளுத்த தோலுள்ளவர் கறுப்பரானது எப்படி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை விளங்காது.

1662-இல் வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். பிறக்கின்ற குழந்தை அடிமையா அல்லவா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்பதே அந்தச் சட்டம். அதுவரை இங்கிலீஷ்காரர்களின் வழக்கத்தில் குழந்தைக்குத் தகப்பன் நிலைதான். அதை ஏன் மாற்றினார்கள்? தோட்டக்கார எஜமான் அடிமைப் பெண்ணிடம் பலாத்காரமாகப் பெற்ற பிள்ளை தகப்பன் நிலையை அடைந்தால் சுதந்தர மனிதனாகிவிடுவான். தாய் நிலையை அடைந்தால் எஜமானுக்கு இன்னொரு அடிமை இலவசமாகக் கிடைப்பான். தன் பிள்ளையைத் தானே விற்றுக் காசாக்கலாம். இதில் தர்மம் எங்கே இருக்கின்றது? வரவு செலவுக் கணக்குதான் இருக்கின்றது.

இப்படிப் பிறந்த சந்ததிகள் மேலும் மேலும் வெள்ளையரோடு கலந்து, பார்வைக்கு வெள்ளையராகவே ஆகிவிட்டபோது ஒரு சங்கடம் ஏற்பட்டது. யார் எஜமான் ஜாதி, யார் அடிமை ஜாதி என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னங்கணக்குப் போட்டார்கள். பாதி, கால், எட்டில் ஒன்று என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். எட்டில் ஒரு பங்கு கறுப்பு உள்ளவருக்கு ஆக்டரூன் என்று பெயர். நம் மனுதர்மத்தில் இன்ன வர்ணத்து ஆணுக்கும் இன்ன வர்ணத்துப் பெண்ணுக்கும் பிறந்தவன் இன்ன ஜாதி என்று ஜாபிதா போட்டிருக்கின்றதே, அதைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது.

1892-இல் லூயிசியானா மாகாணத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வெள்ளையர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவர் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். சட்டத்தைச் சோதிக்க வேண்டுமென்றே முன்னேற்பாட்டோடு ஏறினவர். அவராகவே தன்னைக் கறுப்பர் என்று சொன்ன பிறகுதான் அவரைக் கைது செய்தார்கள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ரயில் சௌகரியமாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்! 1896-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தனி வண்டி சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல், 1954-இல் பள்ளிக்கூட வழக்கில் வேறு தீர்ப்பு வருகின்ற வரையில், இந்தத் தீர்ப்பே வேதமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 1924-இல் வர்ஜீனியாவில், வேறு இரத்தம் ஒரு துளி கலந்திருந்தாலும் அவர் வெள்ளையரல்லர் என்று சட்டம் செய்தார்கள். ஆனால் அந்த மாகாணத்துப் பெரிய மனிதர் குடும்பங்கள் சில, செவ்விந்தியத் தலைவன் மகளான போகஹொண்டாஸ் வழியில் வந்தோம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தன. என்ன செய்வது? பதினாறில் ஒரு பங்கு வரையில் செவ்விந்திய இரத்தம் இருந்தால் குற்றமில்லை என்று ஒரு விதிவிலக்கு எழுதிக்கொண்டார்கள். சாஸ்திரம் எந்த ஊரிலும் பெரிய வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்படுகின்றது போலும்! லூயிசியானாவில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் என்று 1970-இல் செய்த சட்டம் 1983-இல்தான் ஒழிந்தது. அதாவது ஐந்து தலைமுறைக்கு முந்தின பாட்டன் பாட்டிமார் முப்பத்திரண்டு பேரையும் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், வெளுத்த தோலோடு கறுப்பர் என்ற பெயரையும் சுமந்து வளர்ந்தவர் பைப்பர். கறுப்பர் குடியிருப்பில் இருந்த பிள்ளைகள் “நீ எங்களவள்தானா?” என்று சந்தேகப்பட்டார்கள். மேல்படிப்புக்குப் போன இடத்தில் பேர்பெற்ற பேராசிரியர் ஒருவர், நான் எவ்வளவு கறுப்போ அவ்வளவுதான் நீயும் என்கின்ற கருத்தில் முகத்துக்கு நேரே ஏளனம் செய்தாராம். அதாவது கறுப்பர் என்று சொல்லிச் சலுகை பெறவந்த மோசடிக்காரி என்று அர்த்தம். இதையெல்லாம் 1992-இல் ஒரு கட்டுரையில் அவரே எழுதியிருக்கின்றார். இரண்டு பக்கத்தாரும் சாட்சி கேட்டால் மனிதன் எங்கே போய் நிற்பான்?

இனி இவர் செய்த காரியங்களுக்கு வருகின்றேன்.

1970-இல் இவர் வினிகர், முட்டை, பால், மீன் எண்ணெய் ஆகியவைகளில் ஒரு வாரம் ஊறப்போட்ட உடுப்பை மாட்டிக்கொண்டு, ஜனங்கள் நெருக்கியடிக்கின்ற வேளையில் நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறினார். இன்னொரு நாள் வாய் பிதுங்கத் துண்டைத் திணித்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மற்றொரு நாள் ஈரவர்ணம், தொடாதே என்பது போன்ற எச்சரிக்கையைச் சட்டையில் எழுதி மாட்டிக்கொண்டு பெரிய கடையில் சாமான் வாங்கினார். தன்னைக் கண்டு ஜனங்கள் ஒதுங்குவது எப்படி, ஒதுக்கப்பட்டவருக்கு உள்ளே என்ன நடக்கின்றது என்று பார்ப்பதே நோக்கம். இதைக் கலைஞர்கள் மெச்சி எழுதியிருக்கின்றார்கள். எனக்கு மாத்திரம் இதில் முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால் அந்த அம்மையார் வீட்டுக்குப் போய் உடுப்பைக் கழற்றிவிட்டுக் குளித்தால் நாற்றம் போய்விடும். நம் ஊரில் சாக்கடைக்குள் இறக்கப்படுகின்ற தோழர் எத்தனை முறை குளித்தாலும், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தாலும், அவர் வருகின்றார் என்று தெரிந்தவுடனேயே ஊர் மூக்கைப் பிடித்துக்கொள்கின்றதே! நாற்றம் உடுப்பில் இல்லை, மூக்கில் இருக்கின்றது. இந்த விஷயத்தை அவரே பின்னால் இதைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

எப்படி என்றால், 1973 முதல் 1975 வரையில் ஆண் வேஷம் போட்டுக்கொண்டார். சுருண்டு பம்மென்று நிற்கும் பொய்ம்மயிர், ஒட்டு மீசை, கறுப்புக் கண்ணாடி, வாயிலே சுருட்டு. இந்த வேஷத்தில் ஒரு கறுப்பு வாலிபனாகத் தெருவில் நடந்தார். அந்த ஆளின் படத்தைப் போட்டு, தன் சிறுவயது டைரியில் எழுதியிருந்த வாசகங்களை அவன் சொல்வதுபோல் அமைத்து, வில்லேஜ் வாய்ஸ் என்கின்ற பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரமாக வெளியிட்டார். சிறுவயதுப் பெண்பிள்ளை மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டது மீசைக்காரன் வாயிலிருந்து வந்தால் அது வேறு பேச்சாகிவிடுகின்றது பாருங்கள். நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்கள் எத்தனையோ பேர். அது கதைக்காகப் போட்ட வேஷம். திரை விழுந்தால் தீர்ந்தது. இது தெருவுக்காகப் போட்ட வேஷம். அந்த வேஷத்தில் தன் நடையே மாறிவிட்டது, தோளை உயர்த்திக்கொண்டு வீறாப்பாக நடந்தேன், ரயிலில் கால்களை அகட்டி உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கின்றார்.

தாய்மார்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடம்பு அதேதான், மூளையும் அதேதான். ஒரு மீசையை ஒட்டியதும் பெஞ்சியில் இரண்டு பேர் இடம் தேவைப்படுகின்றது! பெண் அடக்கமாக உட்காருவது சுபாவம், ஆண் அகட்டி உட்காருவது சுபாவம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தச் சுபாவம் மீசைப் பசையில் இருந்ததா, உடம்பில் இருந்ததா என்று சொல்லட்டுமே.

நிற்க, இன்று நான் பேச வந்ததற்கு உண்மையான காரணம் அந்தச் சிறு சீட்டுதான். வெளுத்த தோலுடைய இவர் விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் போவார். கூட இருக்கின்ற வெள்ளையர்கள், நம்மவர்கள்தானே இருக்கின்றோம் என்ற தைரியத்தில் கறுப்பர்களைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்லுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். இவர் என்ன செய்வது? நான் கறுப்பர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதற்காக இந்த அம்மாள் இதைப் பறைசாற்றுகின்றாள் என்று முகம் சுளிக்கின்றார்கள். பேசாமல் இருந்தால் தானும் அந்தச் சிரிப்பில் பங்காளியாகின்றார். எழுந்து சண்டை போட்டால் விருந்தைக் கெடுத்த பாவி என்கின்றார்கள். ஆகவே 1986-இல் ஒரு சீட்டு அச்சடித்தார். அப்படி ஒருவர் பேசியதும் அவர் கையில் மெதுவாக அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுவார். நான் கறுப்பர், நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோதோ சிரித்தபோதோ இது உங்களுக்குத் தெரிந்திராது, கறுப்பர் பக்கத்தில் இல்லையென்று நினைக்கும்போதுகூட வெள்ளையர் இப்படிப் பேசமாட்டார்கள் என்றே நான் எண்ணிக்கொள்வது வழக்கம், அது பொய்யாகும்போது இந்தச் சீட்டைக் கொடுக்கின்றேன், என்னால் உங்களுக்குச் சங்கடம் ஏற்பட்டிருந்தால் வருந்துகின்றேன், உங்கள் பேச்சால் எனக்குச் சங்கடம் ஏற்பட்டதைப் போலவே. இதுதான் அதிலுள்ள விஷயம். 1990 வரையில் இப்படிக் கொடுத்து வந்தார். கலைக்காட்சிகளில் இந்தச் சீட்டுகளை அடுக்கி வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய் உபயோகித்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தார். தனியாக இருக்கும் பெண்ணிடம் வந்து பல்லிளிக்கின்ற ஆண்களுக்குக் கொடுக்க இன்னொரு சீட்டும் உண்டு. அதை நம் தாய்மார்கள் எல்லோருமே வைத்துக்கொள்ளலாம்.

இது கலையா என்று ஒரு தோழர் நேற்று கேட்டார். எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அந்தச் சீட்டைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மாத்திரம் சொல்லுவேன். அதன் காரணத்தை இந்த மேடையில் சொல்லிவிடுகின்றேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஊருக்குப் பிரசங்கத்துக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய வீட்டில் ஏற்பாடு. அழைத்துப் போன நண்பரின் ஜாதியே என் ஜாதியும் என்று வீட்டுக்காரர் எண்ணிக்கொண்டார், நானும் மறுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே, அந்த ஊரில் இன்ன ஜாதியார் இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் போகின்றார்கள், படிப்பு வந்துவிட்டது, திமிர் ஏறிவிட்டது, அவர்களைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்த வேண்டும் என்று பேசினார். அவர் சொன்ன ஜாதி என் ஜாதி; என்னைப் பெற்றவர்களின் ஜாதி. தோழர்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? மோர் வாங்கிக்கொண்டேன். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். “நல்ல சாப்பாடு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். அன்று இரவு அந்த ஊர் மேடையில் ஜாதி ஒழிய வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல்.

மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுவது சுலபம். அங்கே நம்மவர்கள் இருக்கின்றார்கள், மாலை இருக்கின்றது. இலைக்கு முன்னால் ஒரே ஒரு ஆளிடம் சொல்ல முடியவில்லை. அந்த அம்மையாரின் சீட்டு சட்டைப்பையில் இருந்திருந்தால் மோர் ஊற்றும்போது அவர் கையில் வைத்திருப்பேனா? வைத்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கின்றேன். அந்த எண்ணம்தான் தூங்கவிடவில்லை. நம் இயக்கத் தோழர்களில் பலர் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை வெட்டிவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பட்டத்தை வெட்டினவுடன், எதிரே இருப்பவர் நம்மை எந்த ஜாதி என்று நினைத்தால் நமக்கு லாபமோ அந்த ஜாதியாக நினைக்கும்படி விட்டுவிடுவதும் நடக்கின்றதா இல்லையா? வாடகைக்கு வீடு தேடும்போது நடக்கின்றதா இல்லையா? நான் மற்றவர்களைக் கேட்கவில்லை. முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்திக்கொண்டு கேட்கின்றேன்.

சிலர் இந்தச் சீட்டு மிகவும் சாதுவான வேலை, நாலு பேர் முன்னிலையில் உரக்கக் கண்டிக்க வேண்டாமா என்கின்றார்கள். உரக்கக் கண்டித்தால் எதிராளி அவமானப்பட்டதாக எல்லோரும் அவன் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். சீட்டைக் கொடுத்தால் அவன் அதைப் படித்துவிட்டுத் தனியாக நிற்க வேண்டும். பக்கத்திலிருப்பவனிடம் காட்டவும் முடியாது, கிழித்துப் போடவும் முடியாது. எது கடுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு அடுத்து 1988-இல் இவர் செய்தது “மூலையில் மாட்டிக்கொண்டவர்” என்று பொருள்படும் ஒரு சலனப்பட ஏற்பாடு. ஒரு அறையின் மூலையில் டெலிவிஷன் பெட்டி. அதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட மேஜை, அடைப்புக் கட்டினது போல. பார்க்கின்றவர்களுக்கு நாற்காலிகள். படத்தில் பைப்பர் நீல உடுப்பும் முத்துமாலையும் அணிந்து, செய்தி வாசிக்கின்ற மரியாதைப்பட்ட பெண்மணியைப் போல உட்கார்ந்து, நான் கறுப்பர் என்று ஆரம்பிக்கின்றார். சுவரில் அவர் தகப்பனாரின் பிறப்புச் சர்ட்டிபிகேட்டுகள் இரண்டு மாட்டியிருக்கின்றன. ஒன்றில் அவர் வெள்ளையர். மற்றொன்றில் ஆக்டரூன். மனிதர் ஒருவர், பிறந்தது ஒரு தரம், சர்க்கார் முத்திரை இரண்டிலும் உண்டு!

தோழர்களே, இரண்டு மணி நேரம் நான் செய்கின்ற பிரசங்கத்தில் சொல்ல முடியாததை அந்தச் சுவரில் மாட்டிய இரண்டு காகிதம் சொல்லிவிடுகின்றது. இரத்தத்தில் இருக்கின்றது என்றார்களே, எந்தக் காகிதத்துக்கு ஏற்றபடி அவர் இரத்தம் மாறிற்று? குமாஸ்தா பேனாவை எடுத்தபோது இவர் உடம்பில் எந்த நரம்பு கறுத்தது?

அந்தப் படத்தில் மேலும் ஒரு வாதம் செய்கின்றார். சுத்த வெள்ளையர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கறுப்பு மூதாதை உண்டு என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிடுவதாகச் சொல்லி, அப்படியானால் உங்கள் வழக்கப்படி நீங்களும் கறுப்பர்தானே, இனி என்ன செய்யப் போகின்றீர்கள், ஊருக்குச் சொல்லுவீர்களா, மறைப்பீர்களா என்று பார்ப்பவரையே கேட்கின்றார். இங்கே நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்தவர் சொன்னார் என்பதற்காக ஒரு கணக்கை ஒப்புக்கொள்வது பகுத்தறிவாகாது. 2015-இல் வெளியான பெரிய மரபணு ஆராய்ச்சி ஒன்றில், அமெரிக்க வெள்ளையரில் நூற்றுக்கு ஒரு பங்காவது ஆப்பிரிக்க வம்சம் உடையவர்கள் நூற்றுக்கு மூன்றரைப் பேர்தான் என்று தெரிய வந்திருக்கின்றது. ஆகவே மிகப் பெரும்பாலோர் என்ற கணக்கு நிற்காது. ஆனால் அதே ஆராய்ச்சியில் கறுப்பர் என்று எழுதிக்கொண்டவர்களின் வம்சத்தில் சராசரி நூற்றுக்கு 24 பங்கு ஐரோப்பியம் என்று கண்டிருக்கின்றார்கள். ஒரு துளி கறுப்பு ஒருவரைக் கறுப்பராக்கும். கால் பங்கு வெள்ளை அவரை வெள்ளையராக்காது! கணக்குத் தவறானாலும் கேள்வி தவறவில்லை என்று இதனால்தான் சொல்லுகின்றேன்.

இந்த அம்மையாரிடம் எனக்கு ஒத்துவராத விஷயங்களும் உண்டு. அறிவையே எல்லாவற்றுக்கும் ஆதாரமாகக் கொண்டு, ஜெர்மானிய அறிஞர் கான்ட் வழியில் இரண்டு பெரிய வால்யூம் தத்துவ நூல் எழுதினவர், பிரசுரக்காரர் நூறு பக்கம் குறைக்கச் சொன்னதற்கு இணங்காமல் 2008-இல் யாரும் இலவசமாகப் படிக்கும்படி தாமே வெளியிட்டவர், மறுபக்கம் நம் நாட்டு யோகத்தையும் பிரம்மசரியத்தையும் பெரிதாக மதித்து அனுஷ்டித்து வந்திருக்கின்றார். உடம்புக்கு அப்பியாசம் என்றால் செய்யட்டும். அதற்கு மேல் அதில் ஞானம் இருக்கின்றது என்றால் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத்தான் முடியுமே தவிர நம்ப முடியாது. நாம் உதறிவிட்டு வருகின்ற மூட்டையை அமெரிக்காவில் தூக்கிக்கொள்ள ஆள் இருக்கின்றது.

2012-இல் தன் அறுபத்து நான்காம் பிறந்த நாளில் இன்னொரு அறிவிப்புச் செய்தார். கறுப்பர் என்ற பதவியிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டேன். இனி நான் கறுப்புமல்ல, வெள்ளையுமல்ல. பதினாறில் ஒரு பங்கு ஆப்பிரிக்க வம்சம் இருப்பதால் நூற்றுக்கு 6.25 பங்கு சாம்பல் நிறம் என்று தன் படத்தையே கறுப்பாக்கிப் போட்டு விளம்பரம் செய்தார். உத்தியோகஸ்தர் ஓய்வு பெறுவது போல ஜாதியிலிருந்து ஓய்வு! சர்க்காரும் சமூகமும் பின்னங்கணக்குப் போட்டதே, அந்தக் கணக்கையே கடைசி தசாம்சம் வரையில் போட்டுக் காட்டி அதைக் கேலி செய்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மறு வருஷம், கறுப்பர்களின் கலை என்று தனியாக நடந்த ஒரு காட்சியிலிருந்து அந்த மீசைக்காரன் படத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பல இனத்தாரையும் சேர்த்து நடத்துங்கள் என்பது அவர் வாதம். இதில் எனக்கு அரை மனசுதான். ஜாதி இல்லை என்று நான் சொல்லிவிடலாம். பெயருக்கு முன்னால் எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் ஜாதியின் பேரால் அடிபடுகின்றவன் அடிபட்டுக்கொண்டே இருக்கும்போது, அவன் ஒன்று சேர்ந்து நிற்கின்ற பந்தலிலிருந்து நான் மாத்திரம் எழுந்து போகலாமா? வெளுத்த தோல் உள்ளவருக்கு ஓய்வு கிடைக்கும். கறுத்த தோல் உள்ளவர் எந்த ஆபீசில் மனு கொடுப்பது? இதற்கு அவரிடம் பதில் இருக்கலாம். எனக்குத் திருப்தியான பதில் இன்னும் அகப்படவில்லை.

2007-இல் நியூயார்க்கில் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்புக்கொண்டவர்களின் நெற்றியில் மருதாணியால், எல்லாம் ஒரு நாள் பறிக்கப்பட்டுவிடும் என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் எழுதினார்கள். கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும்படி இடம் வலம் மாற்றி எழுதியது. நமக்குத் தலையெழுத்து என்று ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார்களே, அது எழுதினவனுக்கும் தெரியாது, எழுதப்பட்டவனுக்கும் தெரியாது. இந்த அம்மாள் எழுதின தலையெழுத்து எல்லோருக்கும் தெரிந்தது, சில நாளில் சோப்புப் போட்டால் போய்விட்டது!

2015-இல் வெனிஸ் நகரத்துப் பெருங்காட்சியில் சிறந்த கலைஞருக்கான தங்கச் சிங்கப் பரிசு இவருக்குக் கிடைத்தது. அங்கே இவர் வைத்திருந்தது மூன்று வட்ட மேஜை, கச்சேரியில் குமாஸ்தா உட்காருகின்ற மாதிரி. நான் விலைக்குப் போகமாட்டேன், நினைப்பதையே சொல்லுவேன், சொன்னதையே செய்வேன் என்கின்ற கருத்தில் மூன்று பத்திரம். இஷ்டப்பட்டவர்கள் படித்துக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி எடுத்துப் போகலாம். நம் ஊரில் தேர்தலுக்கு முந்தின நாள் இப்படி ஒரு மேஜை போட்டால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்? போட்டவர்களில் எத்தனை பேர் இராத்திரி கதவு தட்டும்போது திறக்காமல் இருப்பார்கள்? 2018-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை தன் ஆறாவது மாடி முழுவதையும் இவருக்கு ஒழித்துக் கொடுத்து ஐம்பது வருஷ வேலைகளைப் பரப்பி வைத்தது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருகின்றேன். அதே காட்சிசாலையில் 1991-இல் இவர் ஒரு அறை கட்டினார். சுற்றிலும் சர்க்கஸ் கொட்டகை போலப் படிப்படியாக ஆசனங்கள். எல்லாம் வெள்ளை வெளேர் என்று. நடுவே ஒரு தூண். தூணின் உச்சியில் நான்கு பக்கமும் டெலிவிஷன் பெட்டி. நான்கிலும் ஒரே கறுப்பு மனிதரின் தலை. ஒன்றில் முகம், ஒன்றில் பிடரி, மற்ற இரண்டில் இடப்புறமும் வலப்புறமும். நம் பிரம்மாவுக்கும் நான்கு முகம். அவர் தலையில் எழுதுகின்றவர். இந்த நான்முகர் தன் தலையில் பிறர் எழுதினதை ஒவ்வொன்றாக மறுக்கின்றார். நான் சோம்பேறி அல்ல என்கின்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் அழுக்கானவன் அல்ல என்கின்றார். முட்டாள் அல்ல, திருடுகிற புத்தி உள்ளவன் அல்ல என்ற வகையில், கோபமில்லாமல், குரலை உயர்த்தாமல், சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சுற்றியுள்ள வெள்ளைப் படிகளில் ஜனங்கள் வந்து உட்காருகின்றார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு, அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் நேரே தெரிகின்றது.